கார் ஏசி நாப்களை எந்த வரிசையில் திருப்ப வேண்டும்: முழுமையான வழிகாட்டி

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, நல்ல மழை, தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். "மச்சான், கண்ணாடி பூரா வெள்ளையா ஆயிடுச்சு, முன்னாடி போற லாரியே தெரியல." தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கிறார். முதலில் ஓரங்கட்டி நாலு பக்க இண்டிகேட்டரையும் போடச் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு நாபும் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஏசி ஆஃப், ஏனென்றால் "மழைதானே, எதுக்கு வீணா பெட்ரோல்". புளோயர் ஒன்றில். காற்று முகத்துக்கு. உள்காற்றுப் பொத்தானில் விளக்கு எரிகிறது, வாங்கிய நாளிலிருந்தே எரிகிறதாம். உள்ளே நனைந்த உடம்போடு ஐந்து பேர்.

நான்கும் தப்பு. போனிலேயே ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னேன், என் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது.

இந்த வழிகாட்டி நாப் வைத்த சாதாரண ஏசிக்கு. ஆட்டோமேட்டிக் க்ளைமேட் கண்ட்ரோல் இருப்பவர்களுக்கும் எலக்ட்ரிக் கார்க்காரர்களுக்கும் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் முதல் நான்கு பகுதிகளை விட்டுவிட்டு அங்கே தாவினால் அது பாதிதான் புரியும்.

1. தொடங்கும் முன்: இருபது நிமிடமும் ஒரு டிஷ்யூ காகிதமும்

ஓட்டிக்கொண்டே இதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி (மூடிய கராஜில் வேண்டாம், புகை உள்ளேயே தங்கும்), ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். கையில் ஒரு டிஷ்யூ காகிதம், ஒரு காய்ந்த துணி. கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறையோடு தூங்கும் கையேட்டையும் வெளியே எடுத்து வையுங்கள்.

இன்ஜின் ஓட வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. குளிரை உண்டாக்கும் கம்ப்ரசரைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வரும் பெல்ட். சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்தால் புளோயர் ஓடும், காற்று வரும், குளிர் வராது, பேட்டரிதான் இறங்கும். "ஏசி ரிப்பேர்" என்று என்னைக் கூப்பிட்ட ஒருவருடைய பிரச்சினை மொத்தமே இவ்வளவுதான்.

2. ஐந்தையும் தனித்தனியாக அடையாளம் காணுங்கள்

முதலில் புளோயர் நாப். விசிறிப் படம் இருக்கும், பெரும்பாலும் 0 முதல் 4 வரை. இது காற்றின் வேகம் மட்டும், வேறொன்றுமில்லை. 0-ல் இருந்தால் ஏசி பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரசர் இணையாது, ஏனென்றால் மேலே காற்று ஓடாவிட்டால், காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் (வளைந்த குழாய்த் தொகுப்பு) உறைந்துபோகும். அதனால் வரிசையில் புளோயர் எப்போதும் ஏசிக்கு முன்னால்.

அடுத்து ஏசி பொத்தான். பாட்டை நிறுத்திவிட்டு, புளோயரை 1-ல் வைத்து, இதை அழுத்துங்கள். பானெட் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், இன்ஜின் ஓசையில் லேசான மாற்றம், சற்று நேரத்தில் ரேடியேட்டர் விசிறி சுற்றும் சத்தம். மூன்றையும் இப்போதே காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் குளிர் வராமல் போகும்போது, கம்ப்ரசர் இணைகிறதா இல்லையா என்று மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொல்ல முடியும்.

மூன்றாவது, காற்றுத் திசை. முகம், முகமும் காலும், கால், காலும் கண்ணாடியும், கண்ணாடி மட்டும் என்று பொதுவாக ஐந்து நிலை. டிஷ்யூவை முகத்துக்கு நேரான வென்டில் பிடித்துக்கொண்டு நாபைத் திருப்புங்கள், காகிதம் படபடப்பது நின்றுவிடும். அதே காகிதத்தைக் காலடியில் பிடியுங்கள், அப்புறம் டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடியை ஒட்டி நீளமாக இருக்கும் இடுக்கில் பிடியுங்கள். கால் நிலையில் வைத்தாலும் கண்ணாடிக்குக் கொஞ்சம் காற்று போகலாம். அது பழுதல்ல.

நான்காவது, உள்காற்றுப் பொத்தான். கார் படத்துக்குள் வளைந்த அம்பு. புளோயரை 4-ல் வைத்து இதை மாற்றி மாற்றிப் பாருங்கள், உள்காற்றில் இரைச்சல் கூடும். காற்றை உறிஞ்சும் வாய் அப்போது கிளவ் பாக்ஸ் பக்கம், வண்டிக்குள்ளேயே திறக்கிறது, அதனால்தான். பொத்தானுக்குப் பதில் லீவர் வைத்த பழைய வண்டிகளில் படம் அழிந்து போயிருக்கும். அங்கே இந்தச் சத்தத்தை வைத்துத்தான் எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஐந்தாவது, நீலமும் சிவப்பும் போட்ட சூட்டு நாப். அதற்குத் தனிப் பகுதி தேவைப்படுகிறது.

3. சூட்டு நாப் குளிரை உண்டாக்குவதில்லை

வீட்டு ஏசி ரிமோட்டில் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ரிமோட்டில் 24 என்று வைத்தால் அறை அந்தச் சூட்டுக்கு வந்ததும் இயந்திரம் வேலையைக் குறைத்துக்கொள்ளும். காரின் சாதாரண நாபுக்கு அறையின் சூடு என்னவென்றே தெரியாது.

டேஷ்போர்டுக்குள் காற்று முதலில் கூலிங் காயிலைக் கடக்கிறது. அதற்குப் பின்னால் ஹீட்டர் காயில் இருக்கிறது, இன்ஜினைக் குளிர வைக்க அதைச் சுற்றி வந்த சூடான திரவம், அதாவது கூலண்ட், ஓடும் குட்டி ரேடியேட்டர் அது. நடுவில் ஒரு தடுப்பு மடல். நீங்கள் திருப்புவது அந்த மடலைத்தான். நீலக் கோடியில் ஹீட்டருக்குப் போகும் வழி அடைபட்டுவிடும், சிவப்புப் பக்கம் நகர நகர, குளிர்ந்த காற்றில் ஒரு பங்கு ஹீட்டர் வழியாகச் சுற்றி வந்து மறுபடி கலக்கும்.

இது புரிந்தால் ஒரு பெரிய தப்பு தானாக விலகும். "ரொம்பக் குளிருது, நாபை நடுவில் வைக்கிறேன், பெட்ரோலும் மிச்சம்" என்பார்கள். மிச்சமில்லை. கம்ப்ரசர் கஷ்டப்பட்டுக் குளிர வைத்த காற்றின்மேல் நீங்கள் வெந்நீரை ஊற்றுகிறீர்கள். வெயில் நாளில் நாபை நீலக் கோடியிலேயே விட்டுவிட்டு புளோயரைக் குறையுங்கள். காற்று குறைந்தால் காயில் சீக்கிரம் போதுமான அளவு குளிர்ந்துவிடும், சாதாரண கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடத் தொடங்கும், சுமை குறையும்.

நாப் நடுவில் இருக்க வேண்டிய நேரமும் உண்டு, மழை. அது ஏழாவது பகுதியில்.

இன்னொன்று: குளிர் குறைந்தால் "கேஸ் போயிடுச்சு" என்று முடிவு கட்டும் முன், சின்னப் பையன் யாராவது இந்த நாபைச் சிவப்புக்குத் திருப்பியிருக்கிறானா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நான் இதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று என் சொந்த வண்டி.

4. வெளிக்காற்றா, உள்காற்றா

உள்காற்றில் வைத்தால், ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே எடுத்து மறுபடி குளிர வைக்கிறது, அதனால் ஏசிக்கு வேலை குறைவு, குளிர் அதிகம். இந்தச் சுகத்தால் நிறையப் பேர் அந்தப் பொத்தானை வருஷக்கணக்கில் தொடுவதே இல்லை.

தொட வேண்டும். கண்ணாடி மூடிய வண்டிக்குள் நான்கு பேர் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். கொட்டாவி, மந்தம், லேசான தலைவலி. திருச்சிக்குப் போகும்போது விழுப்புரம் தாண்டியதும் தூக்கம் சொக்கினால், சாப்பிட்ட பொங்கலை மட்டும் குறை சொல்லாதீர்கள், அந்த அம்பு விளக்கையும் பாருங்கள். நீண்ட பயணத்தில் அரைமணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாவது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். குளிர் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

உள்காற்றுக்கு மாற்ற வேண்டிய இடங்கள்: கரும்புகை கக்கும் லாரிக்குப் பின்னால், கூவம் பாலத்தில், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம், ரோடு போடுகிற இடத்தில். இதில் வரிசை முக்கியம், போய்ச் சேருவதற்கு முன்பே அழுத்திவிட வேண்டும். நாற்றம் உள்ளே வந்த பிறகு அழுத்தினால் அதையும் உங்களோடு சேர்த்துப் பூட்டி வைத்ததாகத்தான் ஆகும். தாண்டியதும் மறக்காமல் வெளிக்காற்று.

வெளிக்காற்று வரும் வழி, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் இருக்கும் சல்லடை போன்ற பகுதி. வேப்ப மரத்தடியில் நிறுத்துபவர்கள் அங்கே விழும் சருகை வாரம் ஒருமுறை கையால் அள்ளிப் போடுங்கள். அது மக்கினால் அந்த வாடைதான் உங்களுக்கு வெளிக்காற்று.

5. வெயிலில் கிடந்த வண்டியைக் குளிர வைப்பது

வெளியே 38 டிகிரி என்றால் மூடிய வண்டிக்குள் 50-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். இந்த ஒரு விஷயம்தான் கீழே உள்ள வரிசை முழுவதற்கும் காரணம். அப்படிப்பட்ட வண்டிக்குள் குழந்தையை "அஞ்சு நிமிஷம்தானே" என்று கூட விட்டுப் போகக் கூடாது.

ஏறும் முன், இடது பின் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு டிரைவர் கதவை ஐந்தாறு தடவை விசிறி போல வேகமாகத் திறந்து மூடுங்கள். உள்ளே இருக்கும் வெந்த காற்று எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், இப்போது மற்றவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுக்கிறார்.

அப்புறம் இன்ஜின். நான்கு கண்ணாடியும் கீழே. புளோயர் 4, திசை முகம், சூட்டு நாப் நீலக் கோடி, வெளிக்காற்று, ஏசி ஆன். உள்ளே 50-ல் கொதிக்கும்போது வெளியே இருக்கும் 38 டிகிரி காற்றே குளிர்ச்சிதான், அதனால்தான் முதலில் வெளிக்காற்று. எடுத்ததும் கண்ணாடியை ஏற்றி உள்காற்றில் போட்டால் அந்த 50 டிகிரிக் காற்றையே காயில் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும்.

நின்ற இடத்திலேயே குளிர வைக்காமல் கிளம்பிவிடுங்கள். வண்டி நிற்கும்போது கம்ப்ரசர் மெதுவாகத்தான் சுழலும், ஏசி எடுத்த சூட்டை வெளியே விட முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு எதிர்காற்றும் கிடையாது, விசிறியை மட்டும் நம்பியிருக்கும். தெருமுனை தாண்டி ஒன்றிரண்டு நிமிடம் ஓடியதும் வென்ட் காற்று சில்லென்று வரும், அப்போது கண்ணாடிகளை ஏற்றுங்கள். இன்னும் ஒரு நிமிடம் கழித்து உள்காற்று. உடம்பு தணிந்ததும் புளோயரை 2-க்கு இறக்குங்கள், சூட்டு நாபைத் தொட வேண்டாம்.

6. வென்ட்டுகளை எங்கே திருப்புவது

குளிர்காற்று கனம், தானே கீழே இறங்கும். அதனால் முகத்தில் அறையும்படி வைக்காமல் தோளுக்கு மேலே, கூரையைப் பார்த்தபடி வையுங்கள். பின் இருக்கைக்குத் தனி வென்ட் இல்லாத வண்டிகளில் நடு வென்ட் இரண்டையும் முன் இருக்கைகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகப் பின்னால் போகும்படி திருப்புங்கள், பாட்டி உட்கார்ந்திருக்கும் பக்கத்தைத் தவிர்த்து.

குளிருகிறது என்று எல்லா வென்ட்டையும் மூடுவது நல்லதல்ல. காற்று போக வழியில்லாமல் காயில் உறையும். ஒன்றிரண்டை மூடினால் போதும், இல்லையென்றால் புளோயரைக் குறையுங்கள்.

7. கண்ணாடி உள்பக்கம் மூடினால்

முதல் வேலை, ஆவி படிந்து கண்ணாடி எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்று பார்ப்பது. விரலால் உள்பக்கம் ஒரு கோடு இழுங்கள். கோடு தெரிந்தால் உள்பக்கம். தெரியாவிட்டால் வெளிப்பக்கம், எட்டாவது பகுதிக்குப் போங்கள். இரண்டுக்கும் வைத்தியம் கிட்டத்தட்ட எதிரெதிரானது, தெரியாமல் செய்தால் இன்னும் மோசமாகும்.

மழையில் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, உள்ளே மூச்சும் நனைந்த துணியும் குடையும் சேர்ந்து காற்றை ஈரமாக்குகின்றன, அந்த ஈரம் கண்ணாடியில் போய்ப் படிகிறது. ஈரத்தை வெளியேற்றுவதுதான் வேலை. வரிசை இப்படி:

உள்காற்றை அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. உள்ளே இருக்கும் ஈரக்காற்று வெளியேற வழி கிடைப்பது இதனால்தான். திசையைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். புளோயர் 3 அல்லது 4. ஏசி ஆன். கடைசியாக சூட்டு நாபை நடுவிலிருந்து கொஞ்சம் சிவப்புப் பக்கம்.

மழைக்கு எதற்கு ஏசி என்பதுதான் எல்லோரும் கேட்பது. குளிர்ந்த சொம்பின் வெளியே தண்ணீர் பூக்கிறதல்லவா, கூலிங் காயிலிலும் அதுதான் நடக்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் காயிலில் தண்ணீராகி குழாய் வழியே ரோட்டில் சொட்டிவிடும், உள்ளே வருவது காய்ந்த காற்று. அதை ஹீட்டரால் லேசாகச் சூடாக்கினால் இன்னும் நிறைய ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கண்ணாடியும் அதிகம் குளிராது. மூன்றாம் பகுதியில் வீண் என்று சொன்ன அதே 'குளிர வைத்துச் சூடாக்கும்' வேலை இங்கே நமக்குத் தேவை.

பல வண்டிகளில் திசையைக் கண்ணாடிக்குத் திருப்பினாலே ஏசியும் வெளிக்காற்றும் தானாக வந்துவிடும். உங்கள் வண்டி அப்படியா என்று கையேட்டில் பாருங்கள், ஆனால் பழக்கத்துக்கு நீங்களே கையால் செய்வது நல்லது, வேறு வண்டி ஓட்டும்போது கை தானாகப் போகும்.

கண்ணாடியைக் கையால் துடைக்காதீர்கள். கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை படிந்து, அடுத்த தடவை அந்த இடம் மட்டும் இன்னும் மோசமாக மூடும், எதிரே வரும் வண்டி வெளிச்சத்தில் கோடு கோடாகச் சிதறும். அவசரம் என்றால் காய்ந்த துணி. மழைக்காலம் தொடங்கும் முன் உள்பக்கக் கண்ணாடியை ஒருமுறை நன்றாகத் துடைத்து வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. நனைந்த குடையும் ரெயின்கோட்டும் டிக்கியில்.

பின் கண்ணாடியில் கோடு கோடாக ஓடும் கம்பி, மின்சாரத்தில் சூடாவது. அது தனிப் பொத்தான், காற்றோடு சம்பந்தமில்லை. தெளிந்ததும் அணைத்துவிடுங்கள், சில வண்டிகளில் தானே அணையும். அந்தக் கோடுகள் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, பிறகு பிளேடால் சுரண்டி எடுத்தால் கம்பி அறுந்துவிடும். கோயில் ஸ்டிக்கரோ கட்சி ஸ்டிக்கரோ, கம்பிக்கு எல்லாம் ஒன்றுதான்.

8. வெளிப்பக்கம் மூடினால்

இது கடலோர ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. விடியற்காலை ஈசிஆரில் போகிறீர்கள், அல்லது மழை விட்ட புழுக்கமான இரவு. உள்ளே ஏசி கடுங்குளிரில் கண்ணாடியைக் குளிர வைத்திருக்கிறது, வெளியே ஈரமான வெதுவெதுப்பான காற்று. சொம்பு கதைதான், ஆனால் இம்முறை சொம்பு உங்கள் முன் கண்ணாடி.

வைப்பரை ஒருமுறை போடுங்கள், தெளிந்துவிடும், அதுவே வெளிப்பக்கம் என்பதற்கு அத்தாட்சி. திரும்ப மூடாமல் இருக்க, கண்ணாடி குளிர்வதை நிறுத்த வேண்டும்: திசையைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கு மாற்றுங்கள், சூட்டு நாபை நடுவுக்குக் கொண்டு வாருங்கள், புளோயரைக் குறையுங்கள்.

புதியவர்கள் செய்யும் தப்பு, பதற்றத்தில் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, நாபை நீலத்திலேயே விட்டு, புளோயரை 4-ல் வைப்பது. கண்ணாடி இன்னும் குளிரும், வைப்பர் துடைத்த மறு நொடி மூடும். உள்பக்கத்துக்கான வைத்தியத்தில் நாபைச் சிவப்புப் பக்கம் நகர்த்தச் சொன்னதும் இதற்காகத்தான், இல்லாவிட்டால் உள்பக்கம் தெளிந்து வெளிப்பக்கம் மூடிக்கொள்ளும்.

மழை பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தேங்கிய தண்ணீரில் இறங்கும் முன் ஏசியை அணையுங்கள். ஏசி ஓடினால் ரேடியேட்டர் விசிறியும் ஓடும், அது தண்ணீரில் அடித்தால் இறக்கை வளையவோ உடையவோ செய்யும்.

9. மலைப்பாதையும் ஹீட்டரும்

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. சின்ன இன்ஜின், ஐந்து பேர், மேலே லக்கேஜ் என்றால் ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிட்டு வெளிக்காற்றில் போங்கள். கம்ப்ரசர் எடுக்கும் சக்தி அந்த முதல் கியர் வளைவில் நன்றாகவே தெரியும். மேலே போகப் போகக் காற்றே குளிரும், ஏசி தேவைப்படாது.

ஏற்றத்தில் மீட்டரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலேறினால் ஏசியை உடனே அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, சூட்டு நாபைச் சிவப்புக் கோடிக்கும் புளோயரை 4-க்கும் தள்ளுங்கள். உள்ளே அடுப்படி போல ஆகும், ஆனால் ஹீட்டர் காயில் இன்னொரு ரேடியேட்டர்போல வேலை செய்து இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். பத்திரமான இடம் வந்ததும் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் கூலண்ட் பீய்ச்சி அடிக்கும்.

ஊட்டிக் குளிரில் ஹீட்டர் வேண்டுமென்றால் வரிசை வேறு. இன்ஜினைப் போட்டதும் புளோயரை 4-ல் வைத்துவிட்டு "ஹீட்டர் வேலை செய்யல" என்பார்கள். கூலண்ட் சூடாக ஐந்து பத்து நிமிடம் ஆகும், அதுவரை வருவது பச்சைக் குளிர்காற்றுதான். புளோயரை 0 அல்லது 1-ல் வைத்துக் கிளம்பி, சூட்டு முள் நகர்ந்த பிறகு நாபைச் சிவப்புக்கும் திசையை 'காலும் கண்ணாடியும்' நிலைக்கும் மாற்றுங்கள். சூடான காற்று மேலேறும், அதனால் குளிருக்குக் கால், வெயிலுக்கு முகம். சூட்டுக்கு ஏசி பொத்தான் தேவையில்லை, இன்ஜின் எப்படியும் வீணாக்கும் சூடுதான் இது. கண்ணாடி மூடினால் மட்டும் ஏசியையும் சேர்த்துப் போடுங்கள்.

உறைபனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுபவர்களைத் தலைக்குந்தா பக்கம் பார்த்திருக்கிறேன். கண்ணாடி விரிசல் விடும். காத்திருந்து ஹீட்டர் காற்றில் கரைய விடுங்கள்.

10. ஆட்டோ க்ளைமேட், எலக்ட்ரிக் கார்

24 அல்லது 25-ல் வைத்து, 'ஆட்டோ' பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன மடல், வேகம், திசை எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சூடான வண்டியில் ஏறியதும் 18-க்கோ 'லோ'வுக்கோ தள்ளினால் சீக்கிரம் குளிரும் என்பது நம்பிக்கை மட்டுமே, சூடு அதிகமிருந்தால் 24-ல் வைத்தாலும் அது முழு வேகத்தில்தான் தொடங்கும். முதல் சில நிமிடம் கண்ணாடியை இறக்குவது மட்டும் இதிலும் உங்கள் வேலை, அதை எந்த ஆட்டோவும் செய்யாது. கண்ணாடி மூடினால் முன் கண்ணாடிப் படம் போட்ட பொத்தான் ஒன்றே போதும்.

சிக்னலில் இன்ஜின் தானே அணையும் வசதி இருந்தால், அந்த நேரம் பெல்ட் கம்ப்ரசரும் நின்று காற்று மெல்லச் சூடாகும். பழுதென்று நினைக்காதீர்கள், வெயில் நேரத்தில் அந்த வசதியை அணைத்து வைக்கலாம்.

எலக்ட்ரிக் காரில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, ஹீட்டருக்கும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். அங்கே சூடு இலவசமில்லை. சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே ஆப் மூலம் குளிர வைக்க முடிந்தால் செய்யுங்கள், பேட்டரி மிஞ்சும்.

11. வண்டியை நிறுத்தும் முன்

வீடு வர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை மட்டும் அணைத்து, வெளிக்காற்றில் வைத்து, புளோயரை 3-ல் ஓடவிடுங்கள். காயில் மேல் இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். காயாமல் நிறுத்தினால் இருட்டில் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், மறுநாள் முதல் காற்றில் வரும் ஊறின சாக்கு வாடை அதுதான். வாசனைப் பாட்டிலை வென்ட்டில் மாட்டுவது அதைத் தீர்க்காது. காயிலைச் சுத்தம் செய்து, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை மாற்ற வேண்டும். தூசு ரோட்டில் ஓட்டுபவர்கள் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காதீர்கள்.

நிறுத்திய வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம். வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, உள்ளே கசிந்தால் தூங்குபவர் விழிக்கவே மாட்டார். களைப்பாக இருந்தால் இன்ஜினை அணைத்து, கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி, நிழலில்.

12. மெக்கானிக்கிடம் போகும் முன்

வண்டிக்கு அடியில் சொட்டும் சுத்தமான தண்ணீர் நல்ல அறிகுறி, காயிலின் ஈரம் வெளியேறுகிறது. அந்தத் தண்ணீர் ரோட்டுக்குப் பதில் இடது பக்கக் கால் மிதியடியில் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. கை வைத்தால் பிசுபிசுவென்று, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் அது தண்ணீரே இல்லை, ஹீட்டர் காயிலிலிருந்து கூலண்ட் கசிகிறது, தள்ளிப் போடாதீர்கள்.

ஓடும்போது நல்ல குளிர், சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பு என்றால் கண்டென்சர் விசிறியையோ அதில் அடைத்த தூசியையோ பார்க்கச் சொல்லுங்கள். புளோயர் 1, 2, 3 செத்து 4 மட்டும் ஓடினால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் புளோயர் ரெசிஸ்டர், சின்னப் பொருள், மோட்டாரையே மாற்றச் சொன்னால் ஒருமுறை யோசியுங்கள். ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு காற்றே குறைந்துபோனால் காயில் உறைந்திருக்கும், ஏசியை அணைத்து புளோயரைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் கரையும், ஆனால் ஏன் உறைந்தது என்று பார்க்க வேண்டும்.

கேஸ் விஷயம். அது பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருளல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. நன்றாகக் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. ஒரு ஒர்க்ஷாப்பில் எனக்கு ஒரே கோடையில் இரண்டு தடவை நிரப்பிக் கொடுத்தார்கள், கசிவை யாரும் தேடவில்லை, மூன்றாவது தடவை வேறு இடத்தில் பார்த்தபோது கண்டென்சரில் கல் பட்ட ஓட்டை. இப்போதெல்லாம் முதலில் கசிவைப் பார்க்கச் சொல்லி, அது கிடைத்த பிறகுதான் நிரப்ப விடுகிறேன். எத்தனை கிராம், எந்த வகைக் கேஸ் என்பது பெரும்பாலான வண்டிகளில் பானெட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். அதை போனில் படம் எடுத்துக்கொண்டு, போட்ட அளவை ரசீதில் எழுதி வாங்குங்கள்.